வண்டி நிற்கும் நாள் யார் கணக்கில்?

ராசிபுரத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியுள்ள நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவருடைய தந்தை இருபத்தேழு ஆண்டுகள் சொந்த லாரியைத் தாமே ஓட்டியவர். சர்க்கரை நோயால் பார்வை குறைந்துவிட்டதால் இனி ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 2021ஆம் ஆண்டு மாடல் பன்னிரண்டு சக்கர லாரி வாசலில் நிற்கிறது. மாதம் 62,000 ரூபாய் வீதம் இன்னும் 22 டியூ (கடன் தவணை) பாக்கி. நாமக்கல்லில் உள்ள ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனம் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறது. முதல் வழியில் வண்டியை அவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும்; டிரைவர், டீசல், சுங்கம் எல்லாம் அவர்களுடையது; மாதம் 1,10,000 ரூபாய் வாடகை தருவார்கள். இரண்டாம் வழியில் வண்டியை அவர்களிடம் அட்டாச் செய்து, டிரைவரை இவரே வைத்துக்கொள்ள வேண்டும். லோடு அவர்கள் தருவார்கள். சரக்கு வாடகையில் நூற்றுக்கு ஐந்து கமிஷன் போக மீதி இவருக்கு. சேலத்தில் தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கும் இந்தச் சகோதரி, எதில் லாபம், டிரைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று கேட்டுவிட்டு, "இதெல்லாம் ஒத்துவராது என்றால் வண்டியை விற்றுவிடலாமா?" என்ற கேள்வியோடு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த செலவுக் கணக்கைப் பார்த்தேன். நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து லாரி உரிமையாளர்களின் கணக்குகளை ஆண்டுக்கணக்கில் எழுதி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கணக்கில் ஒரே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. 1,10,000 ரூபாய் வாடகையிலிருந்து 62,000 ரூபாய் டியூவைக் கழித்து, 48,000 ரூபாய் மிஞ்சும் என்று கீழே கோடு போட்டிருக்கிறீர்கள். வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தேய்வு உண்டு என்பதையும், ஓடாமல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் செலவு உண்டு என்பதையும் அந்தக் கோட்டுக்கு மேலே எழுதிவிட்டுப் பிறகு கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நிற்கும் செலவைப் பார்ப்போம். டியூ 62,000. இன்சூரன்ஸ் ஆண்டுக்கு 78,000 என்று எழுதியிருக்கிறீர்கள், மாதத்துக்கு 6,500. இதில் பெரும்பகுதியைப் பேரம் பேசிக் குறைக்க முடியாது, ஏனென்றால் 20 டன்னுக்கு மேல் 40 டன் வரையுள்ள சரக்கு வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியமாக 43,950 ரூபாயை 2022 ஜூன் முதல் அரசே நிர்ணயித்திருக்கிறது. நேஷனல் பெர்மிட்டுக்கான 16,500 ரூபாய், சாலை வரி, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 66,000 என்ற உங்கள் கணக்கை ஏற்றுக்கொண்டால் மாதம் 5,500. ஆக மொத்தம் 74,000 ரூபாய், வண்டி ஒரு அடி நகராவிட்டாலும் மாதந்தோறும் போகும் பணம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,470 ரூபாய். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை இது நமக்கு வேண்டியிருக்கும்.

அடுத்தது ஓடும் தேய்வு. ஒரு டயர் 22,000 ரூபாய், தேய்ந்த டயருக்கு ஒருமுறை ரீட்ரேட் (மேல் ரப்பரைப் புதிதாக ஒட்டுதல்) செய்ய 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, புதிதாகவும் ரீட்ரேட் செய்தும் சேர்த்து 1,20,000 கிலோமீட்டர் ஓடும் என்று கணக்கிட்டால், பன்னிரண்டு டயர்களுக்குக் கிலோமீட்டருக்கு 2.90 ரூபாய் ஆகிறது. ஆயில், கிரீஸ், பிரேக் லைனர், கிளட்ச், ஸ்பிரிங் பட்டை முதலான பட்டறைச் செலவுக்கு உங்கள் தந்தையாரின் பழைய நோட்டுப்புத்தகத்தில் இருப்பது 2.50 ரூபாய். இரண்டும் சேர்ந்து 5.40.

இப்போது முதல் வழியைத் திரும்பப் பாருங்கள். நிறுவனம் மாதம் 6,000 கிலோமீட்டர் ஓட்டினால் தேய்வு 32,400 ரூபாய். 1,10,000 ரூபாயில் 74,000 போய், 32,400 போய், உங்கள் கையில் நிற்பது 3,600 ரூபாய். அதே நிறுவனம் இரண்டு டிரைவர்களை மாற்றி மாற்றி ஏற்றி 9,000 கிலோமீட்டர் ஓட்டினால் தேய்வு 48,600 ஆகி, நீங்கள் மாதம் 12,600 ரூபாய் கைப்பணம் போட வேண்டியிருக்கும். நிலையான வாடகை என்பது கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் கிலோமீட்டருக்கு உச்சவரம்பு இல்லாத நிலையான வாடகையில், வண்டி எவ்வளவு அதிகம் ஓடுகிறதோ அவ்வளவு அவர்களுக்கு லாபம், அவ்வளவு உங்களுக்கு நஷ்டம். உங்களுக்கு அனுப்பிய ஒப்பந்த நகலில் கிலோமீட்டர் என்ற சொல்லே இல்லை.

டியூவில் அசலும் அடங்கியிருப்பதால் அது முழுவதும் செலவாகாது, சொத்தாகச் சேருகிறது என்று நீங்கள் வாதிடலாம். அது நியாயமான வாதம்தான். ஆனால் சம்பளக்காரராகிய உங்களுக்கு மாதாந்தரக் கைப்பணம்தான் முக்கியம். கியர்பாக்ஸ் ஒருமுறை இறங்கினால் அதைத் தாங்கக் கையிருப்பு இல்லாதவரிடம் இரண்டு மூன்று டியூ விழுந்துவிடும். அசல் சேர்ந்தது அப்போது உதவாது.

இரண்டாம் வழியின் கணக்கு வேறு மாதிரியானது. நிறுவனம் உங்களுக்குச் சொல்லியிருக்கும் தடத்தையே எடுத்துக்கொள்வோம்: சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றி மும்பை, அங்கே இறக்கிவிட்டு நாசிக் பக்கம் வெங்காயம் பிடித்துத் திரும்புதல். போகவர 2,700 கிலோமீட்டர், ஒழுங்காகப் போனால் பத்து நாளில் ஒரு நடை. இரண்டு பக்க வாடகையும் சேர்ந்து 1,60,000 ரூபாய் என்று அவர்கள் எழுதித் தந்திருக்கிறார்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைத்தால் 675 லிட்டர் டீசல், 92 ரூபாய் விலையில் 62,100. புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்புளூ திரவம் 1,800. சுங்கம் 17,000. டிரைவருக்குக் கிலோமீட்டருக்கு 4 ரூபாயும் நாளுக்கு 500 ரூபாய் பேட்டாவும் (சாப்பாட்டுப் படி) என்றால் 15,800. தார்ப்பாய் கட்டுக்கூலி, பார்க்கிங், வழிச்செலவு 5,000. கமிஷன் 8,000. இவை போக 50,300 நிற்கும். தேய்வு 14,580 கழிந்தால் நடைக்கு 35,720.

மாதத்துக்கு இரண்டரை நடை, அதாவது இரண்டு மாதத்தில் ஐந்து நடை போனால், 74,000 ரூபாய் நிலைச்செலவு போக மாதம் 15,300 ரூபாய் மிஞ்சும். இரண்டு நடைதான் போனது என்றால் 2,560 ரூபாய் நஷ்டம். இடையில் என்ன நடந்திருக்கும்? பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. மும்பையில் குடோன் வாசலில் இரண்டு நாள் வரிசை, நாசிக்கில் மழை பெய்து வெங்காயம் வராமல் இரண்டு நாள், திரும்பி வந்தபின் அடுத்த லோடு ஒத்துவராமல் ஒரு நாள். ஐந்து நாள் நின்றதற்கே லாபம் நஷ்டமாகிவிட்டது. வாடகையை டன்னுக்கு நூறு ரூபாய் ஏற்றிக் கேட்பதைவிட, இந்த ஐந்து நாளுக்கு யார் பணம் கொடுப்பது என்று எழுதி வாங்குவதில்தான் உங்கள் வருமானம் இருக்கிறது.

அதனால் நான் மூன்றாவது வழி ஒன்றைச் சொல்கிறேன். டிரைவர் உங்களுடையவராக இருக்கட்டும். டயரும் பட்டறைச் செலவும் உங்களுடையவையாக இருக்கட்டும். டீசலும் ஆட்புளூவும் சுங்கமும் வழிச்செலவும் நிறுவனத்துடையவையாகட்டும். அவர்கள் உங்களுக்குக் கிலோமீட்டர் கணக்கில், மாதம் குறைந்தது 6,000 கிலோமீட்டருக்கு உத்தரவாதத்தோடு பணம் தரட்டும். 6,000 கிலோமீட்டருக்கு உங்கள் நிலைச்செலவு, தேய்வு, டிரைவர் சம்பளம், 22 நாள் பேட்டா எல்லாம் சேர்ந்து 1,41,400 ரூபாய் ஆகிறது; கிலோமீட்டருக்கு 23.57. எனவே 25 ரூபாய் கேளுங்கள். 6,000 கிலோமீட்டரில் 8,600 ரூபாய் மிஞ்சும். அதற்கு மேல் ஓடும் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் போதும் என்று நீங்களே இறங்கி வரலாம், ஏனென்றால் நிலைச்செலவு அதற்குள் வந்துவிட்டது. 7,000 கிலோமீட்டர் ஓடிய மாதத்தில், கூடுதலாக மூன்று நாள் பேட்டாவும் போக, 15,700 ரூபாய் நிற்கும். இப்போது வண்டி அதிகம் ஓடினால் இருவருக்குமே லாபம்.

அவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று தயங்க வேண்டாம். அவர்களே கொடுத்த வாடகையின்படி கிலோமீட்டருக்கு 59 ரூபாய் வருகிறது. டீசல், ஆட்புளூ, சுங்கம், வழிச்செலவு 32 ரூபாய் போனால் 27 ரூபாய்க்கு மேல் மிஞ்சும். உங்களுக்கு 25 கொடுத்தாலும் அவர்களுக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் நிற்கிறது. லோடு உண்மையிலேயே தொடர்ந்து கையில் இருக்கும் நிறுவனம் இதற்குச் சம்மதிக்கும். 6,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்றதும் பேச்சை மாற்றுகிறார்கள் என்றால், அவர்களிடம் லோடு இல்லை, அவர்களும் புரோக்கரிடம்தான் நிற்கிறார்கள் என்று பொருள். இரண்டாம் வழியே போதும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் 24 மணி நேரத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் 3,000 ரூபாய் ஹால்ட்டிங் என்று எழுதி வாங்குங்கள். 1,500 ரூபாய் தருவதாகச் சொல்வார்கள். உங்கள் 2,470 ரூபாயைக் காட்டிப் பேசுங்கள். டிரைவரின் பேட்டாவும் அதன் மேல் இருக்கிறது.

இனி டிரைவர் விஷயம். உங்கள் கேள்விகளில் இதைத்தான் மிகக் குறைவாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் இதைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சம்பளம் கொடுப்பதில் நம் பக்கத்தில் மூன்று பழக்கங்கள் உண்டு. மாதச் சம்பளமும் பேட்டாவும் என்பது ஒன்று. இதில் டிரைவருக்கு அவசரம் இருக்காது. வண்டி பத்திரமாக இருக்கும், ஆனால் எட்டு நாள் நடை பன்னிரண்டு நாளாகும். சரக்கு வாடகையில் சதவீதம் என்பது இன்னொன்று. வாடகையில் பங்கு என்றதும் இன்னும் இரண்டு டன் ஏற்றச் சொல்லும் பார்ட்டிக்கு டிரைவர் தலையாட்டிவிடுவார், தூங்காமலும் ஓட்டுவார். மூன்றாவது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசி, அதோடு நாள் பேட்டாவும் தருவது. நீங்கள் கிலோமீட்டர் கணக்கில் பணம் வாங்கப்போவதால் கிலோமீட்டர் கணக்கிலேயே கொடுப்பதுதான் பொருத்தம். ஆனால் ஒரு திருத்தம் வேண்டும்: லோடு இல்லாமல் நின்ற நாளுக்கும் பேட்டாவை நிறுத்தக்கூடாது. நின்றது அவர் குற்றமன்று. பசியோடு நிற்பவர் டீசலை விற்க டேங்க் மூடியைத் திறப்பார் என்ற நிலையை நாமாக வரவழைத்துக்கொள்ளக் கூடாது.

டீசல் என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உரிமையாளர் தம் டிரைவர் திருடுகிறார் என்று சொல்லி ஒரு கட்டு டிரிப் ஷீட்டுகளைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தபோது ஹூப்ளி தாண்டி ஒரு பங்க்கில் ஒரே நேரத்தில் 410 லிட்டர் போட்டதாக ஒரு பில் இருந்தது. அந்த வண்டியின் டேங்க் 365 லிட்டர்தான் பிடிக்கும். பில் உரிமையாளர் கைக்கு வந்து ஐந்து மாதமாகிவிட்டது. அவர் தொகையை மட்டும் பார்த்துக் கணக்கில் ஏற்றியிருக்கிறார், லிட்டரைப் பார்க்கவே இல்லை. அந்த டிரைவர் அதற்கு முன்பே வேறு வண்டிக்குப் போய்விட்டார். திருட்டைவிட, ஐந்து மாதம் யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

ஆகவே டிரைவரை வேலைக்கு எடுத்த முதல் நடையிலேயே மைலேஜைச் சேர்ந்து பாருங்கள். ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், டேங்க் கழுத்து வரை நிரப்பி, கிலோமீட்டரை எழுதிக்கொண்டு புறப்பட்டு, லோடோடு போய்த் திரும்பியதும் அதே பம்ப்பில் கழுத்து வரை நிரப்பினால் உண்மையான எண் கிடைத்துவிடும். அந்த எண்ணை டிரைவரும் நீங்களும் நிறுவனமும் ஒப்புக்கொண்டு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். டீசல் அவர்களுடையது என்பதால் நமக்கென்ன என்று இருக்க முடியாது. லிட்டருக்கு 4 என்று பேசிவிட்டு 3.7 கிடைத்தால், 6,000 கிலோமீட்டரில் 121 லிட்டருக்கு மேல் கூடுதலாகும், அந்த 11,200 ரூபாயை அவர்கள் உங்கள் வாடகையில்தான் பிடிப்பார்கள். உங்கள் மாத லாபமே 8,600 ரூபாய்தான். எனவே மைலேஜ் நிர்ணயித்ததைவிடக் கூடினால் மிச்சமான டீசலில் பாதிப் பணம் டிரைவருக்கு என்று நிறுவனத்திடமே பேசி வைத்துவிடுங்கள். சம்பளத்தில் இரண்டாயிரம் குறைத்துப் பேசி ஆளைப் பிடிப்பதைவிட, நிதானமாக ஓட்டத் தெரிந்தவருக்கு ஐயாயிரம் கூடக் கொடுப்பது கணக்குப்படியே மலிவு.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமத்தின் ஜெராக்ஸை வாங்கி வைத்துக்கொள்வதோடு நிற்காதீர்கள். கனரகப் போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. அது செல்லத்தக்கதா என்பதை அரசின் சாரதி இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் நிறுவனம் டிரைவரின் உரிமம் சரியில்லை என்று கைகழுவப் பார்க்கும்போது, உரிமையாளர் தம்மளவில் நியாயமான கவனத்தோடு நடந்துகொண்டாரா என்பதுதான் பார்க்கப்படும் என்று 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நீங்கள் கவனத்தோடு நடந்தீர்கள் என்பதற்கு அந்த அச்செடுத்த தாள்தான் சாட்சி. பாலிசியில் டிரைவருக்கும் கிளீனருக்குமான சட்டப் பொறுப்பு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதற்கான பிரீமியம் மிகச் சொற்பம், அது இல்லாவிட்டால் வரும் இழப்பீடு உங்கள் வீட்டைத் தொடும். சிலர் டிரைவரின் அசல் உரிமத்தை அடகுபோல வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது தவறு, அவர் வண்டியில் இருக்கும்போது அது அவரிடம் இருக்க வேண்டும்.

அட்வான்ஸ் கேட்பார், நம் பக்கத்து வழக்கம் அது. அரை மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள். பெரிய அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிவைக்கலாம் என்பது எனக்குத் தெரிந்தவரை ஒருபோதும் பலித்ததில்லை; போக நினைப்பவர் அட்வான்ஸோடு போகிறார். இரண்டு நடைக்கு ஒருமுறை வீட்டில் மூன்று நாள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயமாகிவிட்டதால், நல்ல டிரைவர்கள் புது வண்டியைத்தான் தேடிப் போவார்கள். உங்கள் வண்டிக்கு நல்ல மெத்தை, இரண்டு ஃபேன், கொசுவலை என்று சில ஆயிரம் செலவழிப்பது வீணாகாது.

உங்கள் தந்தையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. லோடு பேசுவது, டிரைவரோடு தொடர்பில் இருப்பது, பட்டறையில் நின்று வேலை வாங்குவது எல்லாவற்றையும் அவரால் வீட்டிலிருந்தே செய்ய முடியும். உங்களிடமுள்ள பெரிய பலம் அவர்தான். ஆனால் இருபத்தேழு ஆண்டு தாமே ஓட்டியவர், தம் சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதைச் சுலபத்தில் ஏற்றுக்கொள்ள மாட்டார். எங்கே இருக்கிறாய், ஏன் இன்னும் தும்கூர் தாண்டவில்லை என்று நாளுக்குப் பத்து முறை போன் போடுவார். ஓட்டிக்கொண்டிருப்பவருக்குப் போன் போடுவது ஆபத்து. அதோடு இரண்டே மாதத்தில் டிரைவர் விலகிப் போவதற்கும் அது போதும். காலையில் ஒருமுறை, இரவு வண்டியை ஓரங்கட்டியபின் ஒருமுறை என்று அவரிடம் அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள். இடையில் வண்டி எங்கே என்பதை ஜி.பி.எஸ். சொல்லிவிடும்.

ஒப்பந்தத்தில் மற்றவை. ஆர்.சி. உங்கள் தந்தையார் பெயரில் இருப்பதால் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, பான் எண் எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். வண்டி யார் கையில் ஓடினாலும் விபத்துத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் முதலில் அவருக்குத்தான் வரும். வண்டி ஃபைனான்ஸில் இருப்பதால், வேறொரு நிறுவனத்திடம் வண்டியைக் கொடுக்கக் கடன் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று பார்த்து, கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதிகபாரம் யார் பொறுப்பு என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: உங்கள் வண்டியின் மொத்த எடை 35 டன், அதற்கு மேல் போனால் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் கட்ட வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் எடைமேடைச் சீட்டை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்பட்டும். சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. அனுமதிச் சீட்டான ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். காலாவதியாகி வண்டி பிடிபட்டால் அந்த நாட்களின் ஹால்ட்டிங் நிறுவனத்தின் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

வரி விஷயம் உங்களைப் பயமுறுத்தத் தேவையில்லை. சரக்குப் போக்குவரத்து ஏஜென்சிக்கு வண்டியை வாடகைக்குக் கொடுப்பதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. பத்து அல்லது அதற்குக் குறைவான சரக்கு வாகனம் வைத்திருப்பவர், அந்த உறுதிமொழியையும் பான் எண்ணையும் கொடுத்துவிட்டால் வாடகையில் டி.டி.எஸ். பிடிக்கக் கூடாது, கடிதத்தை ஆண்டின் முதல் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள், பிடித்தபின் திரும்ப வாங்குவது அலைச்சல். வருமானத்தை டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற உத்தேச முறையில் காட்டலாம். 35 டன்னுக்கு ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். வேறு வருமானம் இல்லாத உங்கள் தந்தையாருக்குப் புதிய வரி முறையில் இதற்கு வரி வராது. இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்துவிடுங்கள், அடுத்த வண்டிக்குக் கடன் கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

வாடகையில் நிற்கும் பேலன்ஸ் பணம் எப்போது வரும் என்பதுதான் அட்டாச் வண்டிக்காரர்களின் நிரந்தரத் தலைவலி. உங்கள் தந்தையார் பெயரில் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள்; இணையத்தில் இலவசமாகவே செய்யலாம். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. போதாததற்கு, 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை அவர்கள் தம் வருமான வரிக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. வழக்குப் போடுவேன் என்பதைவிட இந்த ஒரு வாக்கியம் அவர்களுடைய ஆடிட்டரிடம் நன்றாக வேலை செய்யும். கையெழுத்துக்கு முன், அந்த நிறுவனத்தின் யார்டு வாசல் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அங்கே ஏற்கெனவே அட்டாச் செய்திருக்கும் மூன்று வண்டி டிரைவர்களிடம் பேலன்ஸ் எத்தனை நாளில் வருகிறது என்று உங்கள் தந்தையாரை விசாரிக்கச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனமா என்பதையும் கேளுங்கள்.

வண்டியை விற்றுவிடலாமா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 19 லட்சத்துக்குக் கேட்கிறார்கள், கடனை முடிக்க 12,50,000 ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். கையில் வரும் ஆறரை லட்சத்தை நூற்றுக்கு ஏழு வட்டியில் போட்டால் மாதம் 3,800 ரூபாய் வரும். முதல் வழியில் வண்டியை ஓடவிட்டு, நோட்டீஸுக்கும் விபத்துக்கும் பயந்துகொண்டு நீங்கள் சம்பாதிக்கப்போவது 3,600. கிலோமீட்டர் உச்சவரம்பு இல்லாமல் அதை ஏற்பதாக இருந்தால் விற்றுவிடுவதே மேல். மாதம் 6,000 கிலோமீட்டர் உத்தரவாதமும், கிலோமீட்டருக்கு 24 ரூபாய்க்குக் குறையாத விலையும் எழுத்தில் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். 22 மாதத்தில் டியூ தீர்ந்துவிட்டால் அதே ஓட்டத்தில், 25 ரூபாய் விலையில், மாதம் எழுபதாயிரம் நிற்கும். கியர்பாக்ஸுக்கும் டயருக்குமாக ஒன்றரை லட்சம் கைத்தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்க முடியாத நிலையில் இருந்தால், இதையும் தொடங்க வேண்டாம்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் பன்னிரண்டு டயர்களின் எண்களையும், ஸ்டெப்னி, பேட்டரிகளின் எண்களையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். புது டயரோடு போன வண்டி வழுக்கை டயரோடு திரும்புவது நம் ஊரில் புதிதல்ல. அந்தப் பட்டியலை உங்கள் தந்தையாரே சுற்றி வந்து எழுதட்டும். எந்த டயர் எந்தப் பக்கம் ஓடியது என்பது அவருக்குத்தான் தெரியும்.